பெயரும் செடியும்: மூலிகைகளை அடையாளம் கண்ட அறிஞர்களின் வரலாறு



ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்கள் அனைத்தையும் கற்றுக்கொடுத்ததாகத் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. பெயரறிதல் கல்வியின் வாசல். எனினும், பெயரை அறிந்தோர் எல்லாம் பொருளை அறிந்தோர் ஆகிவிடுவதில்லை. தானாக முளைத்த செடி ஒன்றைப் பறித்து, இது உணவு, இது மருந்து என்று ஒருவர் கூற வேண்டுமானால், ஏட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள இலையும் ஒன்றே என்னும் உறுதி அவருக்கு வேண்டும். அந்த உறுதியைத் தேடி முஸ்லிம் உலகின் அறிஞர்கள் ஏறத்தாழ 400 ஆண்டுகள் உழைத்தனர்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோஸ்கோரிதீஸ் என்னும் மருத்துவர், மருந்துப் பொருள்களைப் பற்றிக் கிரேக்க மொழியில் ஐந்து பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை இயற்றினார். கலீஃபா அல்முதவக்கிலின் ஆட்சிக் காலத்தில் (847–861) பக்தாதில் இஸ்திஃபான் இப்னு பஸீல் அதை அரபியில் பெயர்த்தார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அப்பெயர்ப்பைத் திருத்திச் செப்பம் செய்தார். அரபிப் பெயர் தெரிந்த செடிகளுக்கு அப்பெயரை இட்டனர். தெரியாதவற்றுக்கு ஊகத்தால் ஒரு பெயரைச் சூட்டாமல், கிரேக்கச் சொல்லையே அரபி எழுத்தில் எழுதி வைத்தனர். பின்னால் வருவோரில் அறிந்தவர் அதை நிரப்பட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த வெற்றிடங்களை நிரப்பும் வாய்ப்பு அந்தலூஸுக்கு, அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினுக்குக் கிட்டியது. ஹிஜ்ரி 337இல் (கி.பி. 948) பைஸாந்தியப் பேரரசர், குர்துபாவில் ஆட்சி புரிந்த மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு இந்நூலின் கிரேக்கப் பிரதி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினார். செடிகளின் உருவங்கள் வண்ணத்தில் தீட்டப்பெற்ற பிரதி அது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர் குர்துபாவில் ஒருவரும் இல்லை. கலீஃபாவின் வேண்டுகோளின்படி, 340இல் (951) நிக்கோலாஸ் என்னும் கிறித்தவத் துறவி வந்து சேர்ந்தார். யூத மருத்துவரும் அரசவை அதிகாரியுமான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும் முஸ்லிம் மருத்துவர்களும் அவருடன் அமர்ந்து, நூலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் உரிய செடியைத் தேடினர். இந்நிகழ்வைப் பதிவு செய்தவர் குர்துபா மருத்துவர் இப்னு ஜுல்ஜுல். இறுதியில் ஐயத்துக்குரியவையாக எஞ்சியவை மிகச் சில மருந்துகளே என்று அவர் எழுதுகிறார். மூன்று சமயத்தவர் கூடிச் செய்த பணி இது.

இக்கலையை அடுத்த படிக்கு உயர்த்தியவர் இஷ்பீலிய்யாவைச் சேர்ந்த அபுல் அப்பாஸ் அந்நபாத்தி. 'நபாத்' என்றால் தாவரம். தாவரங்களை ஆய்ந்தமையால் இப்பெயர் பெற்ற இவர், ஹதீஸ் கலை அறிஞரும் ஆவார். ஹஜ் பயணத்தை ஒட்டி, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்து, ஹிஜாஸ், ஷாம், இராக் ஆகிய நாடுகளுக்குச் சென்றார். சென்ற இடமெல்லாம் ஹதீஸ் அறிஞர்களிடம் பாடம் கேட்டார்; வழியில் கண்ட செடிகளையும் ஆராய்ந்து குறித்துக்கொண்டார். சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவரை நம்பலாமா என்று ஒவ்வோர் அறிவிப்பையும் சோதிப்பது ஹதீஸ் கலையின் நெறி. அந்நெறியில் பயின்ற ஒருவர், செடியைப் பற்றிய கேள்விச் செய்தியையும் நேரில் காணாமல் ஏற்காததில் வியப்பில்லை. அவருடைய பயண நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் பகுதிகள் மாணவரின் நூலில் மேற்கோள்களாக வாழ்கின்றன.

அந்த மாணவரே மலாகாவில் பிறந்த ளியாவுத்தீன் இப்னு அல்பைத்தார். இளமையில் ஆசிரியருடன் இஷ்பீலிய்யாவின் சுற்றுப்புறங்களில் செடிகளைத் திரட்டியவர், சுமார் 1220இல் தாயகத்தை விட்டுப் புறப்பட்டு, வட ஆப்பிரிக்கா, ரோமர் நாடு என அரபியர் அழைத்த அனதோலியா, எகிப்து, ஷாம் எங்கும் செடிகளைத் தேடிச் சென்றார். எகிப்தின் சுல்தான் அல்காமில் அவரை மூலிகையாளர்களின் தலைவராக அமர்த்தினார். அவர் தொகுத்த பெருநூலில் சுமார் 1,400 மருந்துகளும் உணவுப் பொருள்களும் அகர வரிசையில் விளக்கப்பட்டுள்ளன. முன்னோர் பிழைகளை அந்நூல் பெயர் சுட்டித் திருத்துகிறது. ஒரு செடிக்கு அரபி, பெர்பர், கிரேக்கம், அந்தலூஸின் லத்தீன் வழக்கு ஆகியவற்றில் வழங்கும் பெயர்களைத் தருகிறது. எழுத்துக்களின் புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் வரையறுத்துக் கூறுகிறது. அரபி எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் சொல் மாறும். சொல் மாறினால் மருந்து மாறும். மருந்து மாறினால் உயிருக்கே ஆபத்து நேரும்.

ஹிஜ்ரி 633இல் டமாஸ்கஸில் அவரைச் சந்தித்த மாணவர் இப்னு அபீ உஸைபிஆ, நகருக்கு வெளியே அவருடன் சென்று செடிகளைப் பார்த்ததை விவரித்துள்ளார். ஒரு செடியைக் கண்டதும், தியோஸ்கோரிதீஸ் அதற்கு இட்ட பெயரையும் வருணனையையும் சொல்வார். பிறகு காலன் கூறியது, பின்னோர் கூறியது, அவர்கள் எங்கே வேறுபட்டனர், எங்கே பிழைத்தனர் என்பவற்றை வரிசையாகச் சொல்வார். மாணவர் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் எதுவும் குறைந்திராது. 1248இல் இப்னு அல்பைத்தார் டமாஸ்கஸிலேயே மறைந்தார்.

அதே காலத்தவரான ரஷீதுத்தீன் அஸ்ஸூரி, லெபனான் மலை போன்ற இடங்களுக்கு ஓர் ஓவியரை வண்ணங்களுடன் அழைத்துச் சென்றார். ஒரே செடியை முளைவிடும் பருவத்திலும், முற்றி விதை தாங்கும் பருவத்திலும், உலர்ந்த பின்னரும் வரையச் செய்தார். இலையின் எண்ணிக்கை, கிளை, வேர், நிறம் யாவும் ஓவியத்தில் இடம்பெற்றன. பூத்த நிலையில் மட்டும் கண்டவர், தளிர் நிலையில் அதே செடியை வேறென்று எண்ணக்கூடும் அல்லவா?

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? இன்று கைப்பேசியில் நாள்தோறும் மூலிகைக் குறிப்புகள் வருகின்றன. அனுப்பியவர் அந்தச் செடியைக் கண்டிருக்க மாட்டார். அவருக்கு அனுப்பியவரும் கண்டிருக்க மாட்டார். தமிழிலும் பெயர்கள் மயக்குகின்றன. வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணியும் மஞ்சள் பூ பூக்கும் கரிசலாங்கண்ணியும் ஒரே பெயர் தாங்கிய இருவேறு செடிகள். செங்காந்தளின் கிழங்கை உண்ணும் கிழங்கென்று மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் உள்ளது. அறியாத செடியை அறிந்ததாகச் சொல்லிப் பிறருக்குக் கொடுப்பவரும் இந்த எச்சரிக்கையை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே, கீரையும் மூலிகையும் பறிக்கக் கற்க விரும்புவோர், அறிந்த ஒருவரின் கூடவே சென்று கற்க வேண்டும். ஒரு செடியை ஓராண்டு முழுவதும் பார்த்த பின்னரே இன்னதென்று சொல்ல வேண்டும். அதன் தோற்றத்தை ஒத்த நச்சுச் செடி எது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். நோய்க்கு மருந்தாகக் கொள்வதென்றால் தகுதி பெற்ற மருத்துவரைக் கேட்க வேண்டும். ஐயம் எழுந்தால், பக்தாதின் மொழிபெயர்ப்பாளர்கள் செய்ததுபோல், தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவிட வேண்டும். உங்கள் வீட்டில் கீரை அறிந்த பாட்டிமார் இருப்பின், பிள்ளைகளை அவர்களுடன் தோட்டத்துக்கு அனுப்புங்கள். அந்த அறிவு எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.