அசைந்தும் தின்னும், அசையாமலும் தின்னும்

'ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்பது நம் பழமொழி. பழைய சொகுசுக் கார் இந்த இரண்டு வகையிலும் தின்னும் என்பதைத் திருப்பூருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அறிந்தேன். பல்லடம் சாலையில் அன்றாடம் நான் கடந்துபோகும் பட்டறை ஒன்றில், வேப்பமரத்தடியில் ஒரு காண்டெசா கிளாசிக் நெடுநாளாக நிற்கிறது. முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் ஏற்றுமதியாளர் ஒருவரின் வண்டி. இப்போது நான்காவது கையில் இருக்கிறது. 'விக்கவும் மனசில்லைங்க, ஓட்டவும் முடியலைங்க' என்கிறார் பட்டறைக்காரர். இந்த நிலைக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984இல் காண்டெசாவை வெளியிட்டது. உடல் பிரிட்டனின் வாக்ஸ்ஹால் நிறுவனம் எழுபதுகளில் செய்த காருடையது. எஞ்சினோ அம்பாசிடரில் இருந்த அதே 1489 சி.சி. எஞ்சின். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அரண்மனைக்கு ஓலைக்கதவு வைத்தது போன்ற பொருத்தம். எண்பதுகளின் பிற்பகுதியில்தான் ஜப்பானின் இசுசூ நிறுவனத்து 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர்களும் வந்து வண்டி தன் தோற்றத்துக்குத் தக்கபடி ஓடத் தொடங்கியது.

திருப்பூரின் பணவரவும் இதே ஆண்டுகளில்தான் பெருகியது. 1985இல் 20 கோடி ரூபாயையும் எட்டாதிருந்த பின்னலாடை ஏற்றுமதி 1990இல் 300 கோடியை நெருங்கியது. ஐந்தே ஆண்டுகள். ஐரோப்பிய வாங்குநரைக் கோவை விமான நிலையத்திலிருந்து அழைத்துவர அம்பாசிடரைவிட மேலான ஒரு வண்டி தேவைப்பட்டது. இறக்குமதிக் கார்களுக்குச் சுங்கவரி மலைபோல நின்ற காலம் அது. காசிருந்தாலும் வாங்குவதற்கு அதிக வகைகள் இல்லை.

இருந்த சிலவற்றுள் தமிழ்நாட்டில் பிறந்த ஒன்றும் உண்டு. சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், ஹெரால்டும் கெஸலும் செய்த அதே நிறுவனம், 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. அதன் மூலம் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. அங்கே அது எட்டு சிலிண்டர் எஞ்சினோடு அறிமுகமானது. இங்கே அதற்குப் பொருத்தப்பட்டது நாற்பதுகளின் இறுதியில் தோன்றிய வான்கார்டு காரின் வழிவந்த, நான்கு சிலிண்டர், 1991 சி.சி. எஞ்சின். நம் சாலைகளுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். கனத்த உடல், களைத்த எஞ்சின், பெட்ரோல் தாகம், உயர்ந்த விலை எல்லாம் சேர்ந்து 1988இல் உற்பத்தியை முடித்துவைத்தன. 2006இல் நிறுவனமே மூடப்பட்டது; எஞ்சிய உதிரி பாகங்களைப் பிரிட்டனின் உதிரி பாக வணிகர்கள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். வண்டலூரில் செய்த பாகத்தைத் தமிழ்நாட்டுக்காரர் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டிய நிலை! தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று கணினி நிறுவனங்களின் கட்டடங்கள் நிற்கின்றன.

பழைய சொகுசுக் காரின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் வடிவமைப்பின் சிறப்பு அன்று, உதிரி பாகங்களின் உறவுமுறை என்று நான் கருதுவது இதனால்தான். எல்லோரும் எள்ளிய அந்த அம்பாசிடர் எஞ்சின் கொண்ட முதற்காலக் காண்டெசாவை இன்றும் ஒரு சாதாரண மெக்கானிக் பிரித்துப் பூட்டிவிடுவார். பிஸ்டன், வால்வு, கேஸ்கெட், கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் லட்சக்கணக்கான டாக்சிகளின் உறவு இருந்தது. ஓட்டத்தில் எவ்வளவோ மேலான இசுசூ எஞ்சினுக்கு அந்தச் சுற்றம் இல்லை. 2002இல் காண்டெசா நின்றது. 2014இல் உத்தர்பாரா ஆலையும் நின்றது. அதன்பின் கையிருப்பு, பிறிதொரு வண்டியைக் கொன்று எடுத்த பாகம், இல்லையேல் லேத் என மூன்றே வழிகள். கோவையின் வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் அருகிலிருப்பது நம் பகுதியின் நற்பேறு. புஷ்ஷும் பின்னும் கடைந்து தந்துவிடுவார்கள். ஆனால் முன்கண்ணாடியை யாரும் கடைய முடியாது.

எஞ்சினைவிடக் கொடியது துரு. தரைத்தகடு, கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு ஆகிய இடங்கள்தான் காண்டெசாவில் முதலில் போகும். முன்கண்ணாடி ரப்பர் வெடித்தால் மழைநீர் உள்ளே கசிந்து தரைவிரிப்பின் அடியில் தங்கும். மேலே பளபளப்பு, கீழே ஓட்டை. டிங்கரிங் செய்பவர் தகட்டை வெட்டி ஒட்டாமல் பட்டி பூசி வர்ணம் அடித்திருப்பார். வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுபோவது நல்லது. பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

1995இல் புனேயில் டெல்கோ நிறுவனத்தின் கூட்டோடு பென்ஸ் இ-220 வந்ததும் காண்டெசாவின் பெருமை மங்கியது. விலை 20 லட்சத்துக்கு மேல். எஞ்சின் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று பெயரெடுத்த வண்டி. ஆயினும் உலக அளவில், 1992 முதல் 1995 வரை செய்யப்பட்ட பல பென்ஸ் கார்களின் எஞ்சின் அறை மின்கம்பிகளுக்கு, மண்ணில் மக்கும் தன்மையுள்ள உறையிட்டிருந்தார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது. எஞ்சினின் வெப்பத்தில் அது உள்ளேயே உதிர்ந்து கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டன. வண்டி காரணமின்றித் திணறும், நிற்கும். கம்பித் தொகுதி முழுவதையும் மாற்றுவதே தீர்வு.

இவ்விடத்தில்தான் நடுத்தர வர்க்கத்தார் ஏமாறுகிறார்கள். கைமாறக் கைமாறக் காரின் விலை இறங்குகிறது. பராமரிப்புச் செலவு இறங்குவதில்லை. 20 லட்ச ரூபாய் கார் 2 லட்சத்துக்கு வந்தாலும் அதன் பாகங்களுக்கு அது 20 லட்ச ரூபாய்க் கார்தான். என் சக ஆசிரியர் ஒருவர் அப்படியொன்றை வாங்கி, முதல் ஆண்டிலேயே வாங்கிய விலைக்கு நிகராகச் செலவழித்துவிட்டு, விற்ற அன்று வீட்டில் பாயசம் வைத்தார்.

திருப்பூர் பழைய இயந்திரத்துக்கு அஞ்சும் ஊரன்று. வெளிநாடுகளிலிருந்து வந்த பழைய பின்னல் இயந்திரங்களைச் செப்பனிட்டு ஓட்டியே பலர் முன்னேறினார்கள். ஆனால் பின்னல் இயந்திரம் பழுதுச் செலவைத் துணியாகத் திருப்பித் தந்துவிடும். கார் எதைத் தரும்? ஓட்டாமல் நிறுத்தினாலும் பேட்டரி இறங்கும், பிரேக் சிலிண்டர் இறுகும், டயர் ஒரே இடத்தில் அழுந்தும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், எலி கம்பியைக் கடிக்கும். 2025இல் நாடெங்கும் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் எண்பதுகளின் ரப்பர்க் குழாய்களுக்காக உருவானதன்று. குழாய் இளகிக் கசிந்தால் செலவு மட்டுமா, தீ அபாயமும் உண்டு. பழைய வண்டி வைத்திருப்போர் எரிபொருள் குழாய்களை முழுவதுமாக மாற்றிவிடுவதே அறிவுடைமை.

சட்டமும் செலவை ஏற்றியிருக்கிறது. 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை, அதோடு பசுமை வரி. மரபு வாகனம் என்ற தனிப் பதிவுக்கான விதிகள் 2021இல் வந்தன. அதற்கு 50 வயது நிறைய வேண்டும்.

வேப்பமரத்தடிக் காண்டெசாவின் பதிவு 1991ஆம் ஆண்டினது. மரபு வாகனமாக இன்னும் நெடுநாள் இருக்கிறது. சென்ற வாரம் பட்டறைக்காரர் லாரிக் கண்ணாடி ரப்பரை நீளவாக்கில் கீறி அதன் சட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் மட்டும் பொருந்தவில்லை.