பக்கவாசல் வழியே வந்த உரிமை: அமெரிக்க நாடுகளிடை மகளிர் ஆணையமும் அதன் ஒப்பந்தங்களும்

எதெல் மெக்கென்சி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். 1909-இல் ஸ்காட்லாந்துப் பாடகர் ஒருவரை மணந்தார். 1913-இல் வாக்காளராகப் பதியப் போனவரை, "நீங்கள் இந்நாட்டுக் குடிமகள் அல்லர்" என்று திருப்பி அனுப்பினார்கள். அயல்நாட்டவரை மணக்கும் பெண் கணவரின் குடியுரிமையையே ஏற்க வேண்டும் என்றது 1907-ஆம் ஆண்டுச் சட்டம். 1915-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிறந்த மண்ணை விட்டு நகராமலே அவர் அயலாராகிவிட்டார். 1922-இல் வந்த கேபிள் சட்டம் இந்த முடிச்சைத் தளர்த்தியதே தவிர அவிழ்த்துவிடவில்லை.

திருமணத்தால் பெண்ணின் குடியுரிமை பறிபோகக் கூடாது என்ற, உள்நாட்டில் அடைபட்ட இந்தக் கோரிக்கை 1928-இல் ஹவானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கூடிய ஆறாவது அமெரிக்க நாடுகள் மாநாட்டில் வாக்குரிமையுள்ள பெண் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. அமெரிக்காவின் டோரிஸ் ஸ்டீவன்ஸும் கியூபப் பெண்களும் விடாமல் நெருக்கி, பிப்ரவரி 7-இல் பேச இடம் பெற்றார்கள். அவர்கள் கேட்டது சம உரிமை ஒப்பந்தம். கிடைத்தது அமெரிக்க நாடுகளிடை மகளிர் ஆணையம் என்ற ஒரு குழு. குழு போடுவது மாநாடுகள் அறிந்த பழைய தட்டிக்கழிப்புதான். ஆனால் அரசுகள் கூடி அமைத்த முதல் மகளிர் உரிமை அமைப்பான இந்த ஆணையம், ஸ்டீவன்ஸின் தலைமையில் நாட்டுக்கு நாடு குடியுரிமைச் சட்டங்களைத் திரட்டத் தொடங்கியது. அத்தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டே 1933-இல் மாண்டிவிடியோ மாநாட்டில் வாதாடியது. குடியுரிமையில் ஆண், பெண் வேறுபாடு கூடாது என்ற ஒப்பந்தம் அந்த டிசம்பரில் கையெழுத்தானது. 1934-இல் அமெரிக்கா அதை ஏற்று, தன் சட்டத்தையும் திருத்திக்கொண்டது.

அதே மாநாட்டில் முழுச் சம உரிமை ஒப்பந்தமும் முன்வைக்கப்பட்டது. ஒப்பமிட்டவை உருகுவே, பராகுவே, ஈக்வடார், கியூபா ஆகிய 4 நாடுகளே. பராகுவே தன் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது 1961-இல்தான்! வெளிமேடையில் பேனா எடுப்பது அரசுகளுக்கு எளிது என்பதையே இது காட்டுகிறது. எனினும் அந்த எளிமையைத்தான் பெண்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது என் கருத்து. 1945-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிரேசிலின் பெர்த்தா லுட்ஸும் டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோவும் ஐ.நா. சாசனத்தில் பெண்களைத் தனியே குறிப்பிட வேண்டும் என்று போராடினார்கள். அமெரிக்கப் பிரதிநிதி வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் அது தேவையில்லை என்றார். பெண்களைக் குறிப்பிடும் சாசனத்தின் 8-ஆவது உறுப்பு லத்தீன் அமெரிக்கப் பெண்களின் பிடிவாதத்துக்குக் கிடைத்த பலன். பெர்னார்டினோவை அனுப்பியது துருஹியோவின் சர்வாதிகார அரசு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1994-இல் பிரேசிலின் பெலேம் நகரில் ஏற்கப்பட்ட, ஆணையத்தின் இன்னொரு ஒப்பந்தம், வீட்டுக்குள் நடக்கும் வன்முறையையும் அரசின் பொறுப்பாக்கியது. 32 நாடுகள் அதில் இணைந்தன. ஆணையத்தின் அலுவலகம் வாஷிங்டனில் இருந்தும் அமெரிக்கா இணையவில்லை.

மெக்கென்சிக்கு உச்ச நீதிமன்றத்துக்கு அப்பால் போக இடமில்லை. ஃபோர்ட்டலேசா நகரின் மரியா ட பென்யாவுக்கு இருந்தது. 1983-இல் உறங்கிக்கொண்டிருந்தவரைக் கணவர் சுட்டதில் கால்கள் செயலிழந்தன. இருமுறை தண்டனை விதிக்கப்பட்டும் மேல்முறையீடுகளின் நிழலில் அந்த மனிதர் வெளியிலேயே இருந்தார். 1998-இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையத்துக்கு முறையீடு போனது. 2001-இல் அது பெலேம் ஒப்பந்தத்தைச் சுட்டி, பிரேசில் அரசே பொறுப்பு என்றது. கணவர் சிறை சென்றது 2002-இல். 2006 ஆகஸ்ட் 7-இல் பிரேசில் இயற்றிய குடும்ப வன்முறைச் சட்டத்தை அந்நாட்டு மக்கள் மரியா ட பென்யா சட்டம் என்றே அழைக்கிறார்கள்.