சீனிப்பாகும் அடுப்புப் புகையும்

சிவனொளிபாத மலையின் அடிவாரத்தில், மஸ்கெலியாவுக்கு அப்பால், நல்லதண்ணி என்னும் சிற்றூர் உள்ளது. டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை யாத்திரிகர் இவ்வூர் வழியே மலையேறுவர். அவர்களுடைய கண்கள் உச்சியை நோக்கும். நாமோ இத்தேயிலைச் சரிவுகளிலே துரைமார் கட்டிய பங்களாக்களின் குசினிக்குள் சற்றே நுழைந்து பார்ப்போம். சரித்திரம் அங்கேயும் வெந்துகொண்டிருந்தது.

ஆங்கிலத் துரையின் நத்தார் விருந்துக்கு 'ஹாம்' என்னும் உப்பிட்ட பன்றித்தொடை உரியது. அதை விரற்கனத் துண்டாக அரிந்து, இரும்புச் சட்டியில் வெண்ணெயிட்டு இருபுறமும் சிவக்க விடுவர். பின்னர்ச் சீனி, கடுகு, அன்னாசிச் சாறு சேர்ப்பர். சாறு சுண்டிப் பாகாகி, இறைச்சியின்மேல் மெருகுபோலப் படியும். அனல் சற்று மிகுந்தாலும் பாகு கருகிக் கசந்துவிடும். சட்டியை அடுப்பின் ஓரத்துக்கு நகர்த்தும் அந்தக் கணத்தை அறிந்தவர் துரையல்லர், சமையற்காரரே.

அந்தச் சட்டியில் உலகமே இருந்தது. இறைச்சியைச் செந்நிறம் மாறாது காக்கும் வெடியுப்பைப் பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றியது. ஐரோப்பாவின் நாவைச் சீனிக்குப் பழக்கியவை மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள். அங்கே உழைத்தவர் ஆபிரிக்க அடிமைகள். 1834இல் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அவ்வாண்டிலேயே ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் மொரீசியசின் கரும்புக் கொல்லைகளுக்குச் சென்றனர். தமிழகத்துக் கிராமங்களில் வறுமையுற்ற நம் முன்னோர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாய் வந்ததும் அந்நூற்றாண்டிலேதான். 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1884இல் புகைவண்டி ஹட்டனை எட்டியது. அதன்பின், தேயிலை இறங்கிச் சென்ற பாதையிலே துரைமாருக்குரிய சீமைச் சரக்கு ஏறி வந்தது.

பங்களாவுக்குக் கீழே லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே ஒரு குடும்பம். கவ்வாத்து மிளாறு எரிந்து புகையும் அடுப்பிலே கோதுமை மா ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல். தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கூலியிலே கழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிலே பட்டினியும் மரணமும் பெருகின. அப்போது அந்நியக் கம்பெனித் தோட்டங்கள் தேசியமயமாகியிருக்கவில்லை. அது 1975இல் நிகழ்ந்தது.

பங்களாச் சமையற்காரரிலே சிங்களவரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர். துரைக்கு அவர்கள் அனைவரும் 'அப்பு'. தொழிலின் பெயர் நிலைத்தது. ஆளின் பெயர் மறைந்தது. தோட்டத்தைத் திறந்த துரையின் பெயரை வரைபடத்திலே காண்கிறோம். அவனுக்கு அன்றாடம் அன்னமிட்ட கையின் பெயரை எங்கே தேடுவது?

இன்று காசல்ரீ நீர்த்தேக்கக் கரையிலே பழைய பங்களாக்கள் சில உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. பழைய விருந்தின் மணத்தை அங்கே விலைக்கு வாங்கலாம். நாம் இனிப்பைப் பழிக்கவில்லை. சுவை மனிதர் எல்லோருக்கும் உரியது. சமைத்தவனுக்கு அது மறுக்கப்பட்டதையே வினவுகிறோம்.

மலையகப் பள்ளிகளின் ஆசிரிய நண்பர்களே, மாணவர்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். பாட்டனும் பாட்டியும் எந்த அடுப்பிலே எதைச் சமைத்தார்கள், யாருக்குச் சமைத்தார்கள், தாம் எதை உண்டார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயரையும் மறவாமல் எழுதட்டும். சொல்லக்கூடியவர்கள் மறைந்துவிடுமுன் அது நடந்தாக வேண்டும்.