விளக்கு தொங்கும் இடம்

மேடையிலே மன்னன் தோன்றுகிறான்; மணிமுடி மின்னுகிறது; மக்கள் கைதட்டி மகிழ்கின்றனர். முடியைக் காண்கிறோம், முடிக்கு ஒளி தந்த விளக்கையோ நாம் காண்பதில்லை. அது எங்கே தொங்குகிறது, எதைப் பற்றித் தொங்குகிறது? இக்கேள்வியிலே கலை மட்டுமல்ல, உயிரும் அடங்கியிருக்கிறது என்பதை வரலாறு காட்டுகிறது.

லண்டன் ட்ரூரி லேன் நாடக அரங்கில், மெழுகுவத்தி செருகிய வளையங்கள் ஒரு காலத்தில் மேடைக்கு மேலே தொங்கின. மேல்மாடத்தில் அமர்ந்தோரின் கண்களை அவ்வொளி கூசச் செய்தது. டேவிட் காரிக் எனும் நடிகர் 1765-இல் அவ்வளையங்களை அகற்றி, பக்கத் தட்டிகளின் பின்னே விளக்குகளை வைத்தார். விளக்கு மறைந்தது; நடிகன் தெரிந்தான்!

1817-இல் அதே அரங்கில் எரிவாயு விளக்கு வந்தது. ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் துணித் திரைகளுக்கு நடுவே திறந்த நெருப்பு! 1881 டிசம்பர் 8-ஆம் நாள், வியன்னா நகரத்து ரிங் அரங்கில் எரிவாயு விளக்கேற்றும் வேளையில் தீ மூண்டு, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இருபதே நாள் கழித்து, லண்டன் சவாய் அரங்கின் மேடையில் அதன் உரிமையாளர் டாய்லி கார்ட், எரியும் மின்விளக்கை மஸ்லின் துணியால் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி கருகவில்லை, அவை ஆரவாரித்தது. ஏறத்தாழ 1,200 மின்விளக்குகள் அவ்வரங்கில் ஒளிர்ந்தன.

ஆபத்து அத்தோடு ஒழிந்ததா? இல்லை!

சிகாகோ நகரில் இரோகுவாய் அரங்கு. "தீப்பிடிக்கவே பிடிக்காது" என விளம்பரம் செய்யப்பட்ட புத்தம் புதிய மாளிகை. 1903 டிசம்பர் 30, விடுமுறைக்காலப் பகற்காட்சி. தாய்மாரும் குழந்தைகளும் நிறைந்திருந்தனர். வில்விளக்கு ஒன்றின் தீப்பொறி, அருகே தொங்கிய மஸ்லின் திரையிலே பற்றியது. தீத்தடுப்புத் திரையை இறக்கினர். அதுவோ, மேடை முகப்பில் நீட்டிக்கொண்டிருந்த விளக்கின் பிரதிபலிப்புத் தகட்டிலே சிக்கிப் பாதியில் நின்றது! புகைபோக்கிகள் திறக்கவில்லை, வெளிவாயில்கள் பல பூட்டிக் கிடந்தன. 600க்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

விதி என்று விம்மினால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். திரைக்கு அருகே விளக்கை வைத்தது யார்? திரை இறங்கும் வழியிலே தகடு நீட்டியிருப்பதைப் பாராதது யார்? கதவைப் பூட்டியது யார்? கேள்விகள் எழுந்தன, உயிரிழப்புக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை, எனினும் விதிகள் திருந்தின. வெளிப்புறம் திறக்கும் கதவுகளும், அடையாளம் இட்ட வாயில்களும் அக்கேள்விகளின் விளைச்சல்.

இன்று மேடைக்கு மேலே குறுக்காகத் தொங்கும் இரும்புக் குழாயிலே விளக்குகளைக் கொக்கிப் பிடியால் பிணைத்து, திருகை முடுக்குகின்றனர். அத்தோடு விடுவதில்லை, எஃகுக் கயிறு ஒன்றையும் குழாயோடு சேர்த்துக் கட்டுகின்றனர். பிடி நழுவினாலும் கயிறு தாங்கும்; கீழே நிற்கும் நடிகன் தலை தப்பும். நடிகனுக்கு இருபுறத்தும் மேலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒளி விழுந்தால் முகம் தெளியும் என, அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் நூலெழுதி வகுத்தார்.

அந்த எஃகுக் கயிற்றின் விலை சிறிது. அதைக் கட்ட வேண்டும் என்ற அறிவுக்கு மானிடம் கொடுத்த விலையோ பெரிது. பிடி நழுவக்கூடும் என முன்கூட்டியே எண்ணுவதுதான் பகுத்தறிவு. நழுவிய பின் விதியை நோவது அன்று. அடுத்த முறை அரங்கினுள் நுழையும்போது, தோழர்களே, மேடையைக் காணுமுன் மேலே ஒருமுறை நோக்குவோம். வாயில் எங்கே என்றும் பார்ப்போம்!