கடற்கோட்டையில் விருந்து

நம்மூர்ச் சிவன் கோயிலாகிய ஈழத்துச் சிதம்பரத்தின் பெருமையைக் காரைநகர் மக்களுக்கு நான் கூறத் தேவையில்லை. ஊர்காவற்றுறைக்கும் நம்மூருக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் கோட்டையைப் பற்றிச் சில சொல்வேன்.

போர்த்துக்கேயர் கட்டிய எண்கோணக் கோட்டை அது. 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே குடிநீர் இல்லாமற் போகவே காவற்படை பணிந்தது. ஒல்லாந்தர் படையோடு வந்த பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் அக்காலச் செய்திகளை விரிவாகக் காணலாம். சைவத்தின்மேல் அவருக்குள்ள காழ்ப்பை ஒதுக்கிவிட்டுப் படித்தால் அது ஒரு புதையல். கோட்டைக்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டவர்கள் ஒல்லாந்தரே. பின்னர் அது சிறையாயிற்று; 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியில் பிடிபட்டோரும் அங்கே அடைக்கப்பட்டனர். இப்போது கடற்படையினர் அதை விருந்தினர் விடுதியாக நடத்துகின்றனர். அவர்களுடைய காரைநகர்த் தளத்துக்கு பண்டைத் தமிழ் மன்னன் எல்லாளன் பெயர் சூட்டப்பட்டிருப்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஆனால் ஊர்காவற்றுறையின் விருந்தோம்பல் கோட்டையினும் மிக மூத்தது. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டை நான் பலகால் பயின்றிருக்கிறேன். பேராசிரியர் கா. இந்திரபாலா அதை 1963இல் பதிப்பித்தார். பிறநாட்டார் ஊராத்துறையிலே (இன்றைய ஊர்காவற்றுறை) வந்திறங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் அளிக்க வேண்டும் என்பது அரசாணை. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கே அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. கரை ஒதுங்கியதெல்லாம் கரைக்காரனுக்கே என்று வாரிக்கொண்ட துறைகள் உலகில் பல இருந்த காலத்தில், சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் கல்லில் வெட்டிவைத்த நீதி இது! வந்தவரைப் பேணும் இதே அறத்தை நம் நூல்களும் போற்றின. இளையான்குடிமாற நாயனார் விதைத்த நெல்லை மழையிரவில் வாரிவந்து அடியாருக்கு அமுது படைத்ததைச் சேக்கிழார் பாடினார். வள்ளுவரோ விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தில் வழிப்போக்கர் இளைப்பாறத் தெருவின் இருமருங்கும் திண்ணை கட்டிவைத்தவர்களும் அந்த அறத்தில் வந்தவர்களே.

விடுதியில் தங்குவோர் போர்த்துக்கேயர் கதையையும் ஒல்லாந்தர் கதையையும் கேட்டுப் போகின்றனர். ஊராத்துறை பற்றிய அந்தக் கல்வெட்டையும் அவர்கள் அறிய வேண்டாமா? அதன் வாசகத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பலகையில் எழுதி, கோட்டைக்குப் படகேறும் துறையில் நிறுத்துவதற்கு நம்மூர் இளைஞரும் புலம்பெயர்ந்த உறவுகளும் முன்வர வேண்டும். உரிய அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை இம்மலரின் வெளியீட்டு நாளிலேயே எழுதத் தொடங்குங்கள்.