கடற்கரைத் தலமும் ஓவியச் சான்றும்

சென்னையினின்று கடலோரமாய்த் தெற்கே செல்லும் அன்பர்கள் கோவளத்தைக் கடந்தே மாமல்லபுரம் சேர்வர். கோவளத்தில் முன்னாளிற் கோட்டையொன்று இருந்தது. 1752-ஆம் ஆண்டில் ஆங்கிலப் படைத்தலைவர் கிளைவ் அதனைக் கைப்பற்றித் தகர்த்தனர். அப்பழங்கோட்டை நிலத்தில் 1974-ல் உல்லாச விடுதி எழுந்தது. போர்ச் செய்தி ஏட்டில் உளது. ஆயினும் ஊரின் தோற்றத்தை ஏடு காட்டமாட்டாது. அது காட்டவல்லது ஓவியமே.

மாமல்லபுரத்திற்கு அப்பேறு வாய்த்தது. தாமஸ் டேனியல் என்பாரும் அவர்தம் உடன்பிறந்தார் மகனாகிய வில்லியமும் 1786-ல் கல்கத்தாவுக்கு வந்து, 1792, 1793-ஆம் ஆண்டுகளில் தென்னாடு முழுதும் சுற்றி ஓவியம் வரைந்தனர். சிறு துளைவழிப் புகும் ஒளியால் எதிர்நின்ற காட்சியைத் தாளின்மேல் விழச்செய்யும் பெட்டியொன்றை அவர் உடன்கொண்டு திரிந்தனராதலின், அவர் வரைவில் அளவு பெரும்பாலும் பிழைபடாது. மல்லையின் கற்றளிகளை வரைந்த படம் 1799-ல் இலண்டனில் அச்சேறியது. இதற்காக அவர்க்கு நன்றி கூறக் கடப்பாடுடையோம்.

ஆயினும் ஒன்று சொல்லாதிருத்தல் இயலாது. அப்படத் தொகுதிக்கு அவர் இட்ட பெயர் "இந்தியத் தொல்பொருள்கள்" என்பது. கடற்கோயிலோ இராசசிம்ம பல்லவன் எடுத்தது. இரண்டு சிவாலயமும் இடையே பள்ளிகொண்ட திருமால் சந்நிதியும் உடையது. கருவறைப் பின்சுவரில் சோமாஸ்கந்தர் எழுந்தருளியிருப்பது. அவன் காஞ்சியில் எடுத்த கயிலாசநாதர் கோயிற் சிற்றறைகளிலும் அத்திருவுருவின் வண்ண ஓவியம் சிதைந்தேனும் இன்றும் உளது. அவன் முன்னோனாகிய மகேந்திரனோ, திருநாவுக்கரசு சுவாமிகளாற் சைவம் சார்ந்தவன் என்று போற்றப்படுபவன். சித்திரகாரப்புலி என்னும் விருதும் பூண்டவன். இறைவனுக்கென ஓவியம் தீட்டிய குலத்தார் படைத்த ஊர், ஓவியத்திற்குரிய பாழ் என்றே அயலார் கண்ணுக்குப் பட்டது. பாழ் என்னும் அந்நோக்கு நம்மவரையும் பற்றிக்கொண்டதே நாம் வருந்துவது.

1966-ல் கே. சி. எஸ். பணிக்கர் தம் மாணாக்கரோடு கூடி, இதே கடற்கரைவழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். அன்று மணலும் மீனவர் குப்பங்களுமாயிருந்த அப்பகுதி 2011-ல் சென்னை மாநகராட்சியுட் சேர்ந்தது. ஊரை வரையச் சென்றாரின் ஊரையே நகரம் விழுங்கிற்று!

மல்லையும் அவ்வாறே மாறுகின்றது. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபின் காண்பார் தொகை பெருகிற்று. விடுதிகளும் கடைகளும் பெருகின. கடற்கோயிலைத் தீட்டுவாரோ இன்னும் அலையும் வானும் சூழத் தனித்து நிற்பதாகவே தீட்டுகின்றனர். அலை தடுக்கக் கொட்டிய கருங்கற் குவையையும் கம்பி வேலியையும் அழகில்லையென்று விடுகின்றனர். அழகில்லை என்பது மெய்யே. நூறாண்டு கழித்து வருவார் தேடப்போவதும் அவற்றையே. கருவறையுட் சென்று சோமாஸ்கந்தரைத் தொழுது வரைந்து, பின் வெளிவந்து அவ்வேலியையும் விடாது வரையும் ஓவியர் ஒருவர் உளரேல், அப்படத்தை முதற்கண் விலைகொடுத்து வாங்குவார் யாமே.