நாடாப் பிரதிகளின் காலம்

ஜப்பானியத் தொலைக்காட்சியின் சித்திரத் தொடர்களை இன்று அனிமே என்ற பெயரால் உலகமே அறியும். ஆனால் 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அவற்றை மூல வடிவில் காண விரும்பியவனுக்குக் கடையில் விலைக்கோ வாடகைக்கோ கிடைத்தது அநேகமாக ஒன்றுமில்லை. ஜப்பானியக் குடியேறிகளுக்கென நடந்த ஒளிபரப்புகளில் ராட்சத இயந்திர மனிதர்களின் கதைகளைக் கண்டு மனம் பறிகொடுத்த ரசிகர்கள், 1977-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘கார்ட்டூன்/ஃபேண்டஸி ஆர்கனைசேஷன்’ என்னும் சங்கத்தை ஏற்படுத்தி, வீடியோ நாடாவில் பதிந்து வைத்ததையெல்லாம் ஒன்றுகூடிப் பார்க்கலானார்கள். ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. என்ற ஒரே ஒளிபரப்பு முறையைக் கைக்கொண்டிருந்தமையால், டோக்கியோவில் பதிவான நாடா கலிஃபோர்னியாவின் கருவியிலும் தடையின்றி ஓடிற்று. ஐரோப்பாவில் வேறு முறைகள் வழங்கியதால் அங்கிருந்த ரசிகர்களுக்கு இந்த அனுகூலம் வாய்க்கவில்லை.

பாஷை மட்டும் புரியவில்லை. கதைச் சுருக்கத்தைத் தட்டச்சு செய்து கையில் வைத்துக்கொண்டு படம் பார்த்த அந்த நிலையை மாற்றியது, 1980-களின் இறுதியில் ரசிகர்கள் கைக்கு வந்த அமிகா கணினியும் ஜென்லாக் என்னும் உபகரணமும்தான். ஜப்பானிய மொழி பயின்ற ஒருவர் வசனங்களைக் கேட்டுக் கேட்டு மொழிபெயர்க்க, மற்றொருவர் ஒவ்வொரு வரியும் திரையில் தோன்றி மறைய வேண்டிய கணத்தைக் குறிக்க, லேசர் டிஸ்க்கிலிருந்து வரும் படத்தின்மேல் கணினியின் எழுத்துக்களை ஜென்லாக் ஏற்ற, அவ்வளவும் ஒரு மூல நாடாவில் பதிவாயிற்று. அதிலிருந்து பிரதி எடுப்பது இன்னும் பொறுமையைக் கேட்ட வேலை: இரண்டு மணி நேர நாடாவுக்கு இரண்டு மணி நேரம் முழுதாகச் செலவிட வேண்டும், பிரதிக்குப் பிரதி நிறம் கசியும், ஒலியில் இரைச்சல் ஏறும். வேண்டியவர்கள் வெற்று நாடாவையும் திரும்பி வருவதற்கான தபால் செலவையும் அனுப்புவார்கள். பிரதி எடுப்பவர் அதற்குமேல் ஒரு காசும் வாங்கலாகாது. விற்பனைக்கோ வாடகைக்கோ அல்ல என்ற அறிவிப்பு படத்தின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அத்தொடரின் உரிமையைப் பெற்றுவிட்டால் விநியோகத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதும் அவர்களிடையே வழங்கிய சம்பிரதாயம்.

ஒருவர் தம் வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிவு செய்வது குற்றமன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல், சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது உண்மையே. எனினும் மொழிபெயர்த்துப் பலருக்கு வழங்குவதற்கு அத்தீர்ப்பு இடமளிக்கவில்லை. ஆகவே நாடாக் காலத்து ரசிகர்கள் சட்டத்தின் பாதுகாப்பில் நின்றவர்கள் அல்லர். தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியமத்தில் நின்றவர்கள். அந்த நியமம் நிலைத்ததற்கு அவர்களுடைய நற்குணம் மாத்திரம் காரணமன்று, பிரதி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் உழைப்பும் நேரமும் வேண்டியிருந்ததே முக்கிய காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கணினிக் கோப்பும் பிட்டொரண்ட்டும் வந்தபின் அந்த உழைப்பு தேவையற்றதாயிற்று. இரண்டாவது பிரதியும் லட்சமாவது பிரதியும் ஒரே துலக்கத்தோடு பரவின. நிறுத்து என்று சொன்னால் நிறுத்துவதற்கு ஒரு கை இல்லாமற் போயிற்று. 2004 டிசம்பரில் மீடியா ஃபேக்டரி என்ற ஜப்பானிய நிறுவனம் தன் படைப்புகளைப் பரப்ப வேண்டாமென வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்பியபோதே, அமெரிக்க உரிமை விற்கும் வரையில் பரப்பலாம் என்ற பழைய சமாதானம் பலமிழந்துவிட்டது. 2006-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிரஞ்சிரோல் என்ற தளத்தில் ரசிகர்கள் அனுமதியின்றி ஏற்றிய தொடர்களே நிறைந்திருந்தன. பிறர் வேதனமின்றிச் செய்த மொழிபெயர்ப்பைக் கொண்டு வேறொருவர் வியாபாரம் கட்டியது நாடாக் காலத்து ரசிகர்களுக்குச் சம்மதமாயிருந்திருக்காது என்றே நான் கருதுகிறேன். இதைத்தான் அவர்கள் முன்பே விலக்கி வைத்திருந்தார்கள்.

கிரஞ்சிரோல் 2009 தொடக்கத்தில் டிவி டோக்கியோவுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, உரிமையற்றவற்றை நீக்கி, நரூட்டோ ஷிப்புடென் தொடரின் புதிய அத்தியாயங்களை ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு மணி நேரத்துக்குள் ஆங்கில வசன வரிகளோடு சந்தாதாரர்களுக்கு வழங்கத் தொடங்கிற்று. காத்திருக்க வேண்டிய அவசியம் நீங்கியபோது, நாடாக் காலத்து ரசிகர்கள் எதற்காகச் சிரமப்பட்டார்களோ அது நிறைவேறிற்று. விளம்பர வருமானத்தை நம்பிய கிஸ்அனிமே போன்ற அனுமதியற்ற தளங்கள் அதன் பின்னும் நெடுங்காலம் நடந்தன; கிஸ்அனிமே மூடப்பட்டது 2020 ஆகஸ்டில். அதற்கடுத்த ஆண்டு, 117.5 கோடி டாலருக்குக் கிரஞ்சிரோலை வாங்கியது சோனி.